பிரெஞ்சு காமிக்ஸ் இதழில் என் தம்பியின் பெயர்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் தம்பி தணிகைவேல் கூப்பிட்டான். வழக்கமாக அவன் வீடியோவில்தான் வருவான். முதலில் அவன் வீட்டு நாய் தெரியும், பிறகு அவன் மனைவி நிர்மலா, கடைசியாகத்தான் அவன் முகம். அன்றைக்கு வெறும் குரல் மட்டும் வந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

"அக்கா, பாப்பா பக்கத்துல கீதா இல்லியா?"

"தூங்குது. இன்னாடா?" பாப்பா என்றது என் மகளை.

"ஸ்பீக்கர்ல போடாத. எச்ஆர்ல கூப்ட்டு ஒக்கார வச்சிட்டானுங்க. உன் புக்கு அவனுங்க டேபிள் மேல கீது."

புக்கு என்று அவன் சொன்னது நாங்கள் இருக்கும் இந்தப் பிரெஞ்சு ஊரில் வெளிவரும் ஒரு சின்ன காமிக்ஸ் ரசிகர் இதழ். அதில் நான் படம் போடுகிறேன், கட்டுரையும் எழுதுகிறேன். கடைசியாக வந்த இதழில் நான் வரைந்த நான்கு பக்கச் சித்திரக்கதை இருந்தது. தம்பி வேலை செய்வது தேர்வாய் கண்டிகை சிப்காட்டில், காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில். கம்பெனியின் தலைமை அலுவலகம் இருப்பது நான் இருக்கும் இதே நாட்டில். அந்த நான்கு பக்கத்திலும் இருப்பது அவன் ஓட்டும் மெஷின்.

"மிஷின போட்டோ எடுத்து வெளிய குடுத்தியான்னு கேக்கறானுங்க. இல்லன்னு சொல்லலாம்னு பாத்தா, கடைசி பக்கத்துல கீழ என் பேரு கீது. ஃப்ரெஞ்சுல இருந்தா இன்னா, பேரு பேருதான? பர்மனென்ட் ஆர்டர் இந்த மாசம் கைக்கு வரணும்க்கா. நிறுத்தி வச்சிட்டானுங்க."

கான்ட்ராக்ட் ஆளாகவே வருஷக்கணக்கில் ஓடியவன் அவன். அந்த ஆர்டருக்காக நிர்மலா பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ யார்கிட்ட இன்னா சொன்ன?" என்று கேட்டான்.

"நான் யார்கிட்டயும் ஒண்ணுமே சொல்லலடா" என்றேன். அது சத்தியமான உண்மை. அவன் நம்பினானா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டான். கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

2

எனக்குச் சந்தேகம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, சீட்டில் என்ன கொட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். இந்தக் குணத்தோடு நான் எப்படி ஒரு பிரெஞ்சு ரசிகர் கூட்டத்துக்குள் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காரணம் கலை ஆர்வம் இல்லை, குடியுரிமை. ஏதாவது சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் நேர்காணலில் நல்லது என்று கோயிலில் பார்த்த ஒரு பாண்டிச்சேரி அக்கா சொன்னார். ஊர் நூலகத்தில் விசாரித்தேன். பாட்டு, நடனம், தோட்டம், காமிக்ஸ் என்று நான்கு சங்கங்கள் இருந்தன. பாட வராது, ஆட மாட்டேன், எங்களுக்குத் தோட்டமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நோட்டு முழுக்கப் படம் போட்டு அடி வாங்கியவள் என்பதால் காமிக்ஸ் பக்கம் போனேன். படம் போடுகிறவள் அதிகம் பேச வேண்டியிருக்காது என்ற கணக்கும் இருந்தது.

நூலகத்தின் பின்அறையில் சனிக்கிழமை தோறும் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆண்கள். ஒரு கதாநாயகனின் தொப்பி எந்த வருஷத்தில் நிறம் மாறியது என்று ஒரு பிற்பகல் முழுக்கச் சண்டை போடுவார்கள். பிறகு அதே மேஜையில் வரிசையாக உட்கார்ந்து அச்சடித்த தாள்களை மடித்து, ஸ்டேப்ளர் ஊசி அடித்து, உறையில் போடுவார்கள். இதழின் ஆசிரியர் ழில்பேர், முன்னாள் தபால்காரர். மரியாதைக்கு முசியே ழில்பேர் என்பார்கள். எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் கூலி கிடையாது, இதழின் சில பிரதிகள் மட்டும் கிடைக்கும்.

"சும்மா ஒருத்தன் உன் படத்த அச்சடிப்பானா? இன்னாத்துக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் சோழவரத்துக்காரர், இங்கே ஒரு கிடங்கில் வேலை. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. முதல் சில மாதங்கள் அவர்கள் ஒவ்வொரு சிரிப்பையும் முகர்ந்து பார்த்தேன். காபி கொடுத்தார்கள், கேக் கொடுத்தார்கள், என் கோடுகளைப் புகழ்ந்தார்கள். இத்தனைக்கும் பின்னால் ஒன்றுமே இல்லை என்றால் அதை எப்படி நம்புவது?

பேச்சு வேறு ஒரு தொல்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலை எனக்கு. என் பிரெஞ்சு முழுவதும் அங்கே சாப்பிட வரும் பிள்ளைகளிடம் கற்றது. குடியுரிமை அதிகாரி முன்னால் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வேணுமா? கை கழுவியாச்சா?" என்கிற அளவு பிரெஞ்சை வைத்துக்கொண்டு இந்த நாட்டின் விழுமியங்களைப் பற்றிப் பேசினேன். அவர் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். சிரிப்பை அடக்கினாரா, எரிச்சலையா என்று இன்றுவரை தெரியவில்லை. கோப்பும் இன்றுவரை நகரவில்லை.

ஆகவே கட்டுரை என்றால் நான் தமிழில் வாயால் சொல்வேன், மகள் மதுமிதா பிரெஞ்சில் அடிப்பாள். அவள் இங்கே பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. நான் மூச்சு வாங்கச் சொன்னதை அவள் இரண்டு வரியில் முடித்துவிடுவாள்.

"மீதி எங்கடி?"

"எல்லாம் உள்ள இருக்கும்மா."

அந்த 'உள்ளே' என்னென்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வழியில்லை. பத்திரிகையோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தும் அவள் கையில்தான் இருந்தது. பெற்ற பிள்ளை மூலமாகத்தான் ஊரோடு பேச முடியும் என்ற நிலைமை வந்தால், பிள்ளை மேலேயே சந்தேகம் வரும். என்னைப் போல வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு இது புரியும்.

3

அந்த நான்கு பக்கம் ஆயுத பூஜையைப் பற்றியது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் மற்ற நாளெல்லாம் கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். செக்யூரிட்டியே பொரி வாங்க ஷெட்டுக்குள் வந்துவிடுவார், யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. தணிகைவேல் அப்படி எடுத்த படங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஆளைவிட உயரமான மெஷின். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே கதம்பம், கதவில் மூன்று பட்டை சந்தனம். பட்டன்கள் ஒவ்வொன்றுக்கும் குங்குமம். ஆபத்து என்றால் அடிக்கும் பெரிய சிவப்பு பட்டனுக்குக்கூட நடுவில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். "நம்மாளு எப்டி கீறாரு?" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தான். நம்மாள் என்றது மெஷினை.

அந்தப் படங்களைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. மெஷினைக் கழுவுவது ஒரு பக்கம், அலங்காரம் ஒரு பக்கம், கற்பூரம் ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மெஷின் காலடியில் சிந்திய பொரியை எறும்பு இழுத்துப் போகும். வசனமே கிடையாது. நான் இதுவரை செய்ததில் அதுதான் உருப்படி.

சனிக்கிழமைக் கூட்டத்தில் பக்கங்களை மேஜையில் பரப்பினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு பழைய இன்ஜினியர் உண்டு. அவர் அந்தச் சிவப்பு பட்டன் மேல் விரலை வைத்து, "எந்தத் தொழிற்சாலையிலும் இதன் மேல் கை வைக்க விடமாட்டார்கள். அம்மணியின் கற்பனை அழகாக இருக்கிறது" என்றார்.

கற்பனை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. இங்கே இத்தனை வருஷமாக ஊரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் இந்தச் சிரிப்புதான் கிடைக்கிறது. போனைத் திறந்து, தம்பியின் படத்தைப் பெரிதாக்கி, அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்து, மன்னிப்புக் கேட்டார். முசியே ழில்பேரும் பார்த்தார்.

"யார் எடுத்த படம் இது?" என்று கேட்டார்.

"தெரிந்தவர்" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. நானும் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் போனுக்குப் பிறகு, வீட்டில் இருந்த பிரதியை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து அலமாரியில் வைத்த பிரதி அது. கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்புக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தேர்வாய் கண்டிகையில் மெஷின் ஓட்டுநராக இருக்கும் தணிகைவேல் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்தது என்று அதற்கு அர்த்தம். அதைப் படிக்க மகள் தேவைப்படவில்லை.

அவளை எழுப்பினேன். எழுப்பின விதம் நல்ல விதம் இல்லை.

"இத யாரு போடச் சொன்னது?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். "நான்தான். ழில்பேர் மெயில்ல கேட்டார், போட்டோ யாருதுன்னு. மாமாவுதுன்னு சொன்னேன். மாமா என்ன வேலைன்னு கேட்டார். சொன்னேன்."

"என்னைக் கேக்க மாட்டியா?"

"எதுக்கும்மா கேக்கணும்? நீ அவர் போட்டோவ பாத்து வரைஞ்ச. பேர் போடலன்னா அது திருட்டு மாதிரி."

"திருட்டா? ஒருத்தர் பேர வெளிய சொல்லாம இருக்கறது அவர காப்பாத்தறதுக்குடி. எங்க ஊர்ல பேர் வெளிய வந்தா வம்பு வந்துச்சுன்னு அர்த்தம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்போ உன் பேர் மட்டும் ஏன் மேல அவ்ளோ பெருசா இருக்கு?"

இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வாயாடுவதற்கென்றே ஒரு பாடம் இருக்கும் போல. மாமாவின் வேலைக்கு வந்திருக்கும் ஆபத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே அழுதாளா, கோபமா என்று தெரியாது, எட்டிப் பார்க்கவும் விடவில்லை.

5

அடுத்த சந்தேகம் ழில்பேர் மேல். பேர் கொடுத்தது மகள் என்றாலும், இதழை அந்தக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அவருடைய சந்தாதாரர்களில் யாரோ ஒருவர் அந்தக் கம்பெனியின் பெரிய ஆளாக இருக்க வேண்டும். ரசிகர் ரசிகரென்று சொல்லிக்கொண்டு மடித்து ஊசி அடிக்கிற கூட்டத்தில் ஒற்றர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பழைய இன்ஜினியரை வைத்து மனத்துக்குள் ஒரு முழுக் கதையே வரைந்துவிட்டேன்.

சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. நேராக ழில்பேரின் வீட்டுக்கே போனேன். மதுமிதாவும் வந்தாள், மொழிபெயர்க்க. அவள் சொல்வது நான் சொன்னதுதானா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். அந்தப் படங்கள் முழுக்க என் கற்பனை, புகைப்படம் என்று எதுவும் இல்லை என்று" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அன்றைக்குக் கற்பனை என்று சொன்னதற்கு நீங்கள் கோபப்பட்டீர்கள்."

"அது அன்றைக்கு."

"எங்களிடம் பணம் இல்லை. அலுவலகம் இல்லை. ஒரு கோட்டை யார் போட்டார், எதைப் பார்த்துப் போட்டார் என்று உண்மையைச் சொல்வது ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பொடி எழுத்து வரியெல்லாம்" என்றார். பிறகு சற்று யோசித்து, "வேண்டுமானால் கம்பெனிக்கு நானே கடிதம் எழுதுகிறேன். உங்கள் தம்பி எந்தத் தவறும் செய்யவில்லை என்று" என்றார்.

நான் பதறிப்போய் வேண்டவே வேண்டாம் என்றேன். ஒரு ஆப்பரேட்டருக்காகப் பிரான்சிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சிபாரிசுக் கடிதம் எழுதினால், ஆள் பெரிய இடத்துத் தொடர்பு உள்ளவன் என்று அவனை நிரந்தரமாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை அவருக்கு விளக்க எனக்கு மொழி இல்லை, மகளுக்குப் பொறுமை இல்லை.

"இந்தியாவில் உங்கள் சந்தாதாரர் யார்?" என்று கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒருவரும் இல்லை. உங்கள் தம்பிக்கு அனுப்பிய ஒரு பிரதிதான். நானே தபாலில் சேர்த்தேன்." ஆயுள் முழுக்கத் தபால் போட்டவர், முகவரி மறக்குமா? தடங்கலில்லாமல் ஒப்பித்தார். பெயர், அதற்குக் கீழே கம்பெனியின் பெயர், மெயின் கேட், சிப்காட், தேர்வாய் கண்டிகை.

தம்பிக்குப் பிரதி போனதே எனக்குத் தெரியாது, அதுவும் கம்பெனி முகவரிக்கா? மகளைப் பார்த்தேன். மாமாவுக்கும் ஒரு பிரதி அனுப்ப ழில்பேர் முகவரி கேட்டார், மாமா வாட்ஸ்அப்பில் கொடுத்ததை அப்படியே அனுப்பினேன் என்றாள்.

தெருவில் நின்றபடியே தம்பியைக் கூப்பிட்டேன்.

"டேய், கம்பெனி அட்ரஸா குடுத்த?"

"பின்ன? ஊட்டு அட்ரஸ் போட்டா கொரியர்காரன் வருவானா? ஹைவேஸ்ல நின்னுக்கினு போன் அடிப்பான், நான் ஷிப்ட்ல இருப்பேன், திருப்பி எடுத்துக்கினு பூடுவான். இங்க எல்லாரும் கேட்டுக்குதான் போடறது. நிர்மலா பொடவ, பசங்க ஷூ, எல்லாமே கேட்டுக்குதான் வருது. செக்யூரிட்டி வாங்கி வச்சிப்பான்."

"அவன் பிரிச்சானா?"

"ஃபாரின் ஸ்டாம்ப பாத்தா பிரிக்கணும்னு ரூலாம். எனக்கு இன்னா தெரியும்? நம்ம ஊட்டு பார்சல்தானன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஒற்றர் இல்லை, சதி இல்லை. பொரி வாங்க ஷெட்டுக்குள் வந்த அதே செக்யூரிட்டி உறையைப் பிரித்திருக்கிறார். உள்ளே மெஷின் இருந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். யார் மேலும் பழி போட முடியவில்லையே என்ற கடுப்புதான் வந்தது.

6

ஒரு வாரம் பேச்சில்லை. நானாகக் கூப்பிட்டால் நிர்மலா எடுத்து, "அவரு பேஜாருல கீறாருக்கா, அப்பால பேசுவாரு" என்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். இந்த முறை வீடியோ. நாய், நிர்மலா என்று யாரும் வரவில்லை, அவன் முகம் மட்டும்.

எச்ஆரில் ஒரு வழி சொன்னார்களாம். அக்கா அங்கே உட்கார்ந்துகொண்டு தானாக வரைந்தது, என் பெயரைப் பத்திரிகைக்காரன் தவறாகப் போட்டுவிட்டான், போட்டோ எதுவும் நான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், ஆர்டரைக் கொடுத்துவிடுவார்களாம்.

"சொல்லிட்டல்ல?" என்றேன். எனக்கு உயிர் வந்தது.

"இல்லக்கா. நான் எடுத்ததுதான்னு சொல்லிட்டேன்."

"உனக்கு புத்தி கீதாடா? இன்னாத்துக்கு?"

"எடுத்தது நான்தான? ஆயுத பூஜைக்கு மேனேஜரே செல்ஃபி எடுத்துக்கினு இருந்தாரு, அதயும் சொன்னேன். அந்த ஷெட்டுல எவ்ளோ வருஷமா கீறேன். பேட்ஜ்ல கூட கான்ட்ராக்டர் பேருதான் பெருசா போட்டுக்கீது. மொத மொத என் பேரு, என் ஊரு, என் வேல, மூணும் ஒண்ணா அச்சுல வருது. அது நான் இல்லன்னு நானே எப்டிக்கா சொல்றது?"

அவனை மெஷினிலிருந்து எடுத்து லாரியில் சரக்கு ஏற்றும் பக்கம் போட்டுவிட்டார்கள். ஆர்டர் இல்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அவன் யாருக்கோ நடந்தது போலச் சொன்னான். எனக்குத்தான் அழுகை வந்தது. அழுதேன். அவன் முடியட்டும் என்று காத்திருந்தான்.

"புக்க திருப்பி குடுங்கன்னு கேட்டேன். தரமாட்டன்றானுங்க. இன்னொண்ணு அனுப்பச் சொல்லுக்கா. ஊட்டுக்கு. நான் ஹைவேஸ்ல நின்னு வாங்கிக்கறேன்."

சரி என்றேன். அவன் போனை வைக்கவில்லை. திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நான் எதையாவது ஒளித்து வைத்தால் இப்படித்தான் பார்ப்பான்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மைய சொல்லு. அந்தப் பேர போட்டது நீயா, பாப்பாவா?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவன் வேலையைக் காப்பாற்றத்தான் பெயரைச் சொல்லாமல் விட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம், மகளிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த மேஜையில் 'தெரிந்தவர்' என்று நான் சொன்னபோது அவன் வேலை என் நினைவிலேயே இல்லை. எல்லோரும் என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"பாப்பாதான்" என்றேன்.

"அதான பாத்தேன்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பாப்பாகிட்ட குடு."

மதுமிதா இந்த வருஷம் முழுக்க ஊருக்குப் பேசச் சொன்னால் தலைவலி என்பாள். போனைக் கையில் வாங்கியதும், "மாமா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் என்னவோ சொன்னான். அவள் சிரித்தாள். பிறகு போனோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தேன். மாமாவுக்குப் பிரெஞ்சு வராது, இவள் ஊருக்குப் பேசிப் பழகாதவள். ஆனாலும் பேச்சு போய்க்கொண்டே இருந்தது, நடுநடுவே இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.